பழைய எம்.ஜி. மிட்ஜெட்டுக்கு டொயோட்டா 5கே என்ஜின்: மலையகத்தில் செய்து முடிக்க முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது, தலவாக்கலை தாண்டி ஒரு கொழுந்து லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் என் 1969 எம்.ஜி. மிட்ஜெட்டின் (பிரிட்டனில் செய்த இரண்டு சீட் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) பாடு இதுதான்: இரண்டாவது கியர் இழுக்காது. முதல் கியருக்கு இறக்கலாமென்றால் அதற்கு சின்க்ரோ (ஓட்டத்திலேயே கியர் பற்களைக் கடிக்காமல் சேரவைக்கும் அமைப்பு) இல்லை. வண்டி உருளும்போது போட்டால் பல்லோடு பல் கடிக்கும். நிறுத்திப் போட்டால் பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கும். இதற்குள் வெப்பமானியின் முள் மெல்ல மெல்ல ஏறிவிடும். நான்கு வருடம் இப்படியே ஓட்டினேன். பிறகு 1275 சி.சி. என்ஜினுக்கு ஒரு பேரிங் செட் வெளிநாட்டிலிருந்து வந்துசேரும்வரை ஐந்து மாதம் கார் ஷெட்டிலேயே நின்றது. அப்போதுதான் என்ஜினை மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

கொட்டகலையில் ஒரு தகர ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்த வேலை இது. 14 மாதம் எடுத்தது. மறுபடி செய்வதாக இருந்தால் எந்த வரிசையில் செய்வேனோ, அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். மலையில் ஓடும் காருக்கு குதிரைச்சக்தி கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். கியர், குளிர்ச்சி, பிரேக் ஆகிய மூன்றும் முதலில். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த என்ஜின்?

இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, 4ஏ-ஜிஇ 20 வால்வ் போட்டால் என்ன?" என்பது. டொயோட்டாவின் வேகக் கார் என்ஜின் அது. அருமையான என்ஜின், மறுக்கவில்லை. ஆனால் மிட்ஜெட்டின் எடை ஏறத்தாழ 700 கிலோ. பின் அச்சும், பின் சக்கரங்களைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்டும் 65 குதிரைச்சக்திக்குச் செய்தவை. முன் டிஸ்க் எட்டேகால் அங்குலம், பின்னால் ஏழு அங்குல டிரம். 160 குதிரைச்சக்தியை அதில் ஏற்றினால் ஹாஃப் ஷாஃப்ட், டிஃப் (பின் அச்சின் நடுவிலுள்ள கியர்), பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். ஏப்ரல் சீசனில் மஹகஸ்தொட்ட, ரதல்ல மலையேற்றப் போட்டிகளுக்குக் கார் தயார் செய்பவர்களுக்கு அது சரி. ஞாயிறு காலையில் குடும்பத்தில் ஒருவரை ஏற்றிக்கொண்டு நானுஓயா வரை போய்வர அது வேண்டாம்.

நான் எடுத்தது கொரோலா டிஎக்ஸ் வேகனில் வந்த 5கே. 1486 சி.சி., 80.5 மி.மீ. போர், 73 மி.மீ. ஸ்ட்ரோக். கிராங்க் ஷாஃப்டுக்கு ஐந்து மெயின் பேரிங். மிட்ஜெட்டின் பழைய என்ஜினுக்கு மூன்றுதான். ஹெட் அலுமினியம் என்பதால் முன்பக்கம் கனம் ஏறாது. புஷ்ரொட் என்ஜின், டைமிங் செயின், காபரேட்டர். எங்கள் ஊர் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) கண்ணைக் கட்டிக்கொண்டே பிரித்துப் பூட்டும் என்ஜின். கேஸ்கட், பிஸ்டன் ரிங், வோட்டர் பம்ப் எதுவானாலும் ஹட்டனில் கேட்டால் கிடைக்கும், இல்லையென்றால் மறுநாள் பஸ்ஸில் வந்துவிடும்.

உண்மையில் எனக்கு என்ஜினைவிட முக்கியமாக இருந்தது அதோடு வரும் கே50 என்ற ஐந்து கியர் பெட்டி. மிட்ஜெட்டின் முதல் கியர் ஏறத்தாழ 3.2:1, கே50இல் 3.8க்குக் கிட்ட. எண் கூடினால் இழுவை கூடும். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் எரிகிற வாடை அதோடு நின்றது.

ஒரு எச்சரிக்கை. இதே 5கே சில வேன்களில் சீட்டுக்கு அடியில் சாய்த்துப் பூட்டப்பட்டு வரும். அதன் சம்ப்பும் (அடியிலுள்ள ஒயில் தொட்டி) இன்டேக்கும் (காற்று உள்ளே போகும் குழாய்) வேறு. கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். நிமிர்ந்து நிற்கும் காரிலிருந்து இறக்கியதைத்தான் வாங்க வேண்டும்.

ஸ்பேனருக்கு முன் பேப்பர்

பதிவுச் சான்றிதழில் என்ஜின் இலக்கம் இருக்கிறது. அதை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தாக வேண்டும். வேலை முடிந்த பிறகு போய் நின்றால் அலைச்சல்தான். முதலிலேயே போய், என்ன ஆவணங்கள் வேண்டும், பரிசோதனை எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ஜினை வாங்கும் கடையில் முறையான பில், இறக்குமதி செய்ததானால் சுங்கப் பத்திரத்தின் பிரதி, உள்ளூர் வாகனத்திலிருந்து இறக்கியதானால் அந்த வாகனத்தின் விவரம், மூன்றில் பொருந்துவதை வாங்காமல் காசைக் கொடுக்க வேண்டாம். பிளொக்கில் வெட்டிய இலக்கம் தெளிவாகத் தெரிகிறதா, யாராவது அரம் போட்டுச் சுரண்டியிருக்கிறார்களா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

என்ஜினைப் பார்த்து வாங்குவது

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போவதானால் முழு நாளையும் ஒதுக்குங்கள். என்ஜின், கியர் பெட்டி, கிளட்ச், ஸ்டார்ட்டர், ஒல்டர்னேட்டர், மவுண்டிங், கியர் பெட்டியின் பின் குறுக்குச் சட்டம், புரொப் ஷாஃப்டின் (கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழல் குழாய்) முன் நுகம் (அதன் முனையிலுள்ள கவை), எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரே தடவையில் வாங்குங்கள். பின்னால் தனித்தனியாகத் தேடினால் செலவு இரட்டிக்கும்.

கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்காமல் வாங்கக்கூடாது. நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து வீதத்துக்குள் இருந்தால் நல்லது. இங்கே மலையகத்தார் பலர் தடுமாறும் ஒரு விஷயம் உண்டு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 170 பி.எஸ்.ஐ. காட்டிய என்ஜின் நுவரெலியாவில் 135 அல்லது 140 தான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து நல்ல என்ஜினைப் பிரித்துப் போட்டவரை எனக்குத் தெரியும். எண்ணைவிட நான்கும் ஒத்துப்போகிறதா என்பதையே பாருங்கள்.

காரை அளப்பது

மிட்ஜெட்டுக்குத் தனிச் சேசிஸ் இல்லை. கதவுக்கடியில் ஓடும் சில்தான் காரின் முதுகெலும்பு. நம் மழையிலும் மூடுபனியிலும் அது உள்ளிருந்தே உளுத்துப்போகும். பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். பின் ஸ்பிரிங் பூட்டும் இடத்தையும் அப்படியே குத்திப் பாருங்கள். அங்கே துரு இருந்தால் என்ஜின் வேலையைத் தள்ளிவைத்து முதலில் டிங்கரிங் முடியுங்கள். உளுத்த சில்லோடு டனலை (கியர் பெட்டியை மூடும் தரை மேடு) வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து கதவு மூடாமல் போகும்.

எதையும் கழற்றுமுன் நான்கு சக்கரமும் தரையில் நிற்க, முன் பின் மட்கார்டின் உயரத்தை அளந்து எழுதுங்கள். கிராங்க் புலியின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு, கியர் பெட்டியின் வால் எவ்வளவு, டிஃப் மூக்கு எவ்வளவு, எந்தச் சாய்வில் என்று எல்லாமே வேண்டும். நான் சுவரில் கரியால் எழுதினேன். நோட்டுப் புத்தகம் ஒயிலில் ஊறிப்போயிற்று, சுவர் நின்றது.

இறக்குவது

மிட்ஜெட்டில் கியர் பெட்டியை எடுக்க வேண்டுமானால் என்ஜினோடு ஒன்றாகத்தான் தூக்க வேண்டும். கியர் பெட்டியை மட்டும் கீழே இறக்க வழியில்லை. பொனட், ரேடியேட்டர், காபரேட்டர், புரொப் ஷாஃப்ட் எல்லாம் கழன்ற பிறகு, செயின் புளொக்கில் மூக்கு மேலாகவும் வால் கீழாகவும் சாய்த்து மெல்ல எடுங்கள். நம் ஷெட்டுகளில் தரை மட்டமாக இருப்பது அபூர்வம். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்த பிறகே சங்கிலியைத் தொடுங்கள். செயின் புளொக் தொங்கும் மரத்தையும் நம்பக்கூடாது. இரும்பு ஐ-பீம் போடுங்கள்.

பொருத்திப் பார்ப்பது: நேரம் போகவேண்டிய இடம்

இதற்குத்தான் எனக்கு நான்கு மாதம் ஆனது. ஹெட் இல்லாத வெறும் பிளொக்கையும் வெறும் கியர் பெட்டிக் கூட்டையும் பூட்டி உள்ளே இறக்கி எடுத்து, இறக்கி எடுத்து, பதினொரு தடவை பார்த்தேன். கனம் குறைவாக இருக்கும்போதே எல்லாத் தவறையும் செய்துவிடலாம்.

முதலில் சம்ப். மிட்ஜெட்டின் முன் குறுக்குச் சட்டம் என்ஜினின் முன்பகுதிக்குக் கீழே வருகிறது. சம்ப்பின் ஆழமான குழி அதற்குப் பின்னால் விழ வேண்டும். இடிக்கிறதென்றால் சம்ப்பை வெட்டி வெல்டிங்கில் ஒட்டுங்கள், சட்டத்தில் கை வைக்காதீர்கள். ஒயில் உறிஞ்சும் குழாயின் வாயையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். சம்ப்பின் அடிக்கும் அந்த வாய்க்கும் இடையே ஏழெட்டு மில்லிமீற்றர் இருக்கட்டும். வெட்டி ஒட்டிய சம்ப்பில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்தால் ஊசிமுனை ஓட்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஸ்டியரிங் கம்பி. நம் ஸ்டியரிங் வலப்பக்கம். எந்த என்ஜினைப் போட்டாலும் எக்ஸோஸ்ட் எந்தப் பக்கம் இறங்குகிறது, ஸ்டார்ட்டர் எங்கே நிற்கிறது என்பதை ஸ்டியரிங் கம்பியோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். என்ஜின் இழுக்கும்போது சாயும். அதனால் சுற்றிலும் 20 மி.மீ. இடமாவது விடுங்கள்.

டனலில் கே50க்காகப் பக்கவாட்டில் தட்டி அகலப்படுத்த வேண்டியிருந்தது. கியர் லீவர் வரும் துளையையும் புதிதாக வெட்டினேன். வெட்டுமுன் அட்டையில் வெட்டிப் பாருங்கள்.

பொனட் மூடுமா என்று பார்க்க எங்கள் அம்மாவிடம் கற்ற வழி ஒன்று இருக்கிறது. ரொட்டிக்குப் பிசைந்த மாவை எலுமிச்சம்பழ அளவில் உருட்டி, ரொக்கர் கவர் (என்ஜினின் மேல் மூடி), காபரேட்டர், தேர்மோஸ்டெட் (சூடேறிய பிறகு தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு) மூடி ஆகியவற்றின் மேல் வையுங்கள். அதன்மேல் கொஞ்சம் கோதுமை மா தூவி, பொனட்டை மெல்ல மூடித் திறந்து, நசுங்கிய மாவைக் கத்தியால் குறுக்கே வெட்டி அளந்தால் எத்தனை மில்லிமீற்றர் இடம் இருக்கிறதென்று தெரிந்துவிடும். எனக்கு ரொக்கர் கவருக்கு மேல் 22, காபரேட்டருக்கு மேல் 6 வந்தது. ஆறு போதாது. எயார் கிளீனர் பூட்டும் வளையத்தை லேத்தில் குறைத்தேன்.

மவுண்டிங்

நிலை சரி என்று தெரிந்தபின் என்ஜினைக் கட்டையில் தாங்கவிட்டு மவுண்டிங் செய்யுங்கள். 5 மி.மீ. தகடு, 8.8 தர போல்ட். காரின் மெல்லிய பொடி (உடல்) தகட்டில் நேரடியாக ஒட்டாமல், கையளவு பட்டையை முதலில் ஒட்டிப் பாரத்தைப் பரப்புங்கள். நான் எல்லாவற்றையும் பழைய மிட்ஜெட் துளைகளிலேயே போல்ட் போட்டுப் பூட்டும்படி செய்தேன். நாளை யாராவது பழைய என்ஜினைத் திரும்பப் போட நினைத்தால் இரண்டு நாளில் முடியும். வெல்டிங்குக்கு முன் பற்றரியையும் ஒல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். ஏர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள், கியர் பெட்டி பேரிங் வழியாகக் கரண்ட் ஓடக்கூடாது.

புரொப் ஷாஃப்ட்

முன்னால் டொயோட்டா நுகம், பின்னால் மிட்ஜெட் பிளேஞ்ச். கார் தன் கனத்தில் சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது அளந்தால் நீளம் தப்பும். நுகம் கியர் பெட்டிக்குள் முழுதாகப் போய், பிறகு 20 மி.மீ. வெளியே இழுத்த நிலைதான் உங்கள் அளவு.

நான் முதலில் ஒரு பட்டறையில் கொடுத்து வெட்டி ஒட்டினேன். மணிக்கு 60 கிலோமீற்றரில் சீட்டெல்லாம் அதிர்ந்தது. டயர், வீல், மவுண்டிங் என்று மூன்று வாரம் சந்தேகப்பட்டு அலைந்தேன். கடைசியில் கண்டியில் ஒரு வயதான லேத் வேலைக்காரர் ஷாஃப்டைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். "தம்பி, இரண்டு நுகமும் ஒரே பார்வையில் இல்லையே. ஒன்று கிழக்கே பார்க்குது, மற்றது தென்கிழக்கே." அவ்வளவுதான் விஷயம். குழாயின் இரு முனையிலும் ஒட்டிய நுகங்கள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். முறுகி ஒட்டினால் எந்த பெலன்சிங்கும் அதைத் திருத்தாது. அவர் அறுத்து நேராக ஒட்டிக் கொடுத்ததை பெலன்ஸ் செய்து பூட்டினேன், அதிர்வு போனது. கூடவே கியர் பெட்டியின் சாய்வும் டிஃப் மூக்கின் சாய்வும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கவேண்டும். சுவரில் எழுதிய அளவு இங்கேதான் உதவும்.

கிளட்ச் பற்றி ஒரு வரி: மிட்ஜெட் பெடல் ஹைட்ரோலிக் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. கியர் பெட்டியின் ஃபோர்க்குக்கு ஒரு ஸ்லேவ் சிலிண்டரும் அதைத் தாங்க கனமான பிராக்கெட்டும் செய்தால் போதும். பிராக்கெட் வளைந்தால் கியர் விழாது.

தண்ணீர்

உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே அரிசி வேக நேரம் எடுப்பதும் இதனால்தான். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருந்தால்தான் கொதிநிலை ஏறும். ஆகவே மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், கொழும்பில் தப்பிக்கும் கார் இங்கே ரம்பொடை ஏற்றத்தில் கொதித்துவிடும். 13 பி.எஸ்.ஐ. புது மூடி போடுங்கள். விலையைப் பார்த்தால் அற்பம்.

பழைய ரேடியேட்டரின் தண்ணீர்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு உள்ளே மூன்று வரிசைக் கோர் போட்டேன். தேர்மோஸ்டெட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். செய்யாதீர்கள், ஹட்டன் குளிரில் என்ஜின் சூடேறாமலே ஓடி பெட்ரோல் குடிக்கும், சிலிண்டர் தேயும். 82 டிகிரியில் திறப்பது சரி. மின்விசிறியை ரேடியேட்டருக்குப் பின்புறம் பூட்டி, வெப்ப சுவிட்சோடு ரிலே ஒன்றும் போடுங்கள். லொறிக்குப் பின்னால் ஊரும்போது காற்று தானாக வராது.

பெட்ரோலும் காபரேட்டரும்

உயரத்தில் காற்று மெலிவு. கொழும்புக்கு வைத்த ஜெட் (காபரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். ஸ்பார்க் பிளக் கரி பிடித்துக் கறுத்தால் அதுதான் காரணம். மெயின் ஜெட்டை ஒரு அளவு குறைத்து, மேட்டில் பத்து நிமிடம் ஓட்டி, என்ஜினை நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். காய்ந்த கொழுந்தின் பழுப்பு வந்தால் சரி. அடிக்கடி கொழும்புக்கு இறங்குபவர் பழைய ஜெட்டையும் ஒரு டப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த கலவையோடு கீழே போய் அதிவேக வீதியில் மிதித்தால் பிஸ்டன் உருகும். பெட்ரோல் குழாயை எக்ஸோஸ்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓடவிடுங்கள்.

வயரிங்

1967 இறுதிக்கு முந்திய மிட்ஜெட்டானால் கவனம்: அவற்றில் பற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் பொடிக்கு ஏர்த். டொயோட்டா ஒல்டர்னேட்டரை அப்படியே பூட்டினால் டயோட் அந்த நொடியே போய்விடும். நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற்றுங்கள். பழைய ஆர்.பி.எம். மீட்டரையும் உள்ளே மாற்றி அமைக்க வேண்டும்.

மிட்ஜெட்டில் ஒயில் அழுத்தமும் வெப்பமும் காட்டும் இரட்டை மானி ஒன்று உண்டு. அதன் வெப்பப் பக்கம் மெல்லிய செப்புக் குழாயால் என்ஜினோடு இணைகிறது. குழாய்க்குள் திரவம் அடைத்திருக்கும். நீளம் அதிகமென்று வெட்டினாலும் கூர்மையாக மடித்தாலும் மானி அன்றோடு முடிந்தது. மிச்ச நீளத்தைப் பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டுங்கள். குழாயின் நுனிக்கேற்ற பித்தளை அடெப்டரை லேத்தில் கடைந்து 5கேயில் பூட்டலாம்.

பிரேக்

என்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் இதை முடியுங்கள். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குவது ஒரே நீண்ட இறக்கம். புது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், புது ஹோஸ், டொட் 4 பிரேக் ஒயில், நல்ல முன் பேட். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், நம் காற்றோ எப்போதும் ஈரம். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

முதல் ஸ்டார்ட்

பிளக் நான்கையும் கழற்றி, ஸ்டார்ட்டரால் சுற்றி, ஒயில் மானி எழும்பும்வரை காத்திருங்கள். எழும்பாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பக்கத்தில் தீயணைப்பான், கூட ஒரு ஆள். என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒயில், தண்ணீர், பெட்ரோல் கசிவை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டாவது மூன்றாவது தடவை சூடேறி ஆறிய பிறகு மவுண்டிங், எக்ஸோஸ்ட், புரொப் ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள்.

முதல் ஓட்டம் மட்டமான இடத்தில். நான் கொட்டகலை டவுனைச் சுற்றி மூன்று கிலோமீற்றர் போனேன். பிறகு தலவாக்கலை வரை. நானுஓயா ஏற்றத்துக்குப் போனது ஒன்பதாவது நாள். அங்கே வேண்டுமென்றே ஒரு லொறிக்குப் பின்னால் நான்கு கிலோமீற்றர் ஊர்ந்தேன். முள் ஒரு தடவை ஏறியது, விசிறி சுழன்றது, இறங்கியது. 50 கிலோமீற்றரில் ஒருமுறை, 500இல் ஒருமுறை எல்லா போல்ட்டையும் பாருங்கள். 500இல் ஒயிலையும் மாற்றுங்கள்.

அதன் பிறகு காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் புது என்ஜின் இலக்கத்தைச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய என்ஜினை விற்காதீர்கள். சிலிண்டருக்குள் ஒயில் விட்டு, துளைகளை அடைத்து, தரையிலிருந்து உயர்த்திப் பலகை மேல் வைத்து, மாதம் ஒருமுறை கையால் கிராங்கைச் சுற்றிவிடுங்கள். என்னுடையது ஷெட்டின் மூலையில், தேயிலைப் பெட்டிப் பலகை மேல், அதன் இலக்கம் தெரியும்படி இருக்கிறது.